கிருமி உடம்புக்குள் எப்படி வருகிறது, வந்து என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தம், சளி, சிறுநீர், முதுகுத்தண்டு நீர் என்று வந்து சேரும் மாதிரிகளில் கிருமி இருக்கிறதா என்று தேடுவதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தரவும் மாட்டேன். ஆனால் சொந்தக்காரர்கள், கோயிலில் பார்ப்பவர்கள், பக்கத்து பிளாட்டில் இருப்பவர்கள் என்று எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கிருமிக்கும் உள்ளே வர ஒரு வழி இருக்கிறது, வந்த பிறகு அதற்கென்று ஒரு கால அட்டவணையும் இருக்கிறது. அந்தக் கணக்கு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாததால்தான், பிழைத்திருக்க வேண்டியவர்களில் சிலரை நாம் இழக்கிறோம்.

கிருமி என்று பொதுவாகச் சொல்கிறோமே, எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பாக்டீரியா என்பது முழுமையான ஓர் உயிரணு. ஈரமும் உணவும் கிடைத்தால் தானே பெருகிக்கொள்ளும், வசதியான சூழ்நிலையில் ஈ.கோலி போன்றவை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகின்றன. வைரஸ் தனியாக இருந்தால் எதுவும் செய்யாது. நம் உயிரணுவுக்குள் புகுந்து அங்கே இருக்கும் கருவிகளை வைத்தே தன்னை நகலெடுத்துக்கொள்ளும். மலேரியாவைத் தருவது ஒட்டுண்ணி, படர்தாமரையைத் தருவது பூஞ்சை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. சாதாரண சளிக்கும் டிங்கிக்கும் அதை விழுங்கினால் வைரஸ் அசையாது, வயிற்றில் இருக்கும் நல்ல பாக்டீரியாதான் சாகும்.

உடம்பில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கின்றனவாமே, அவை ஏன் ஒன்றும் செய்வதில்லை?

குடலில், தோலில், வாயில், மூக்கில் எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன, பெரும்பாலும் நமக்கு உதவியாகவே இருக்கின்றன. இடம் மாறினால்தான் வம்பு. பெருங்குடலில் சாதுவாக இருக்கும் ஈ.கோலியில் சில வகைகளுக்கு உடலைச் சுற்றி மெல்லிய இழைகள் உண்டு. அவை சிறுநீர்ப்பாதைக்குப் போய்விட்டால் அந்த இழைகளால் சிறுநீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொள்ளும், சிறுநீர் வேகமாகப் போனாலும் அடித்துக்கொண்டு போகாது. பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை குட்டை என்பதால் இந்தத் தொல்லை அவர்களுக்கே அதிகம். மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைச் சுமந்தபடி நலமாக இருப்பவர்கள் நிறைய. அதே பாக்டீரியா ஒரு வெட்டுக்காயம் வழியாக இரத்தத்துக்குள் போனால் கதை வேறு.

எந்தெந்த வழியாக நுழைகிறது?

மூச்சு, வாய், கிழிந்த தோல், கண், பூச்சிக்கடி, உடலுறவு, தாயிடமிருந்து சிசு. இவைதான் முக்கியமான வழிகள். முழுசாக இருக்கும் தோலைத் துளைக்கக்கூடிய கிருமிகள் மிகக் குறைவு. வயிற்று அமிலமும் நிறையக் கிருமிகளைக் கொன்றுவிடும். கொசுவின் ஊசி தோலையும் தாண்டி, வயிற்றையும் தவிர்த்து, வைரஸை நேராக உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதால்தான் கொசுவால் வரும் நோய்கள் நம் ஊரில் இவ்வளவு தொல்லை தருகின்றன.

உள்ளே வந்தால் போதுமா? உடனே நோய் வந்துவிடுமா?

வராது, முதலில் ஒட்ட வேண்டும். எந்த உயிரணுவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் புரதமோ சர்க்கரையோ இருக்கிறதோ, அந்த உயிரணுவில்தான் வைரஸ் ஒட்டும். இன்ஃபுளுவென்சா சுவாசக்குழாய் உயிரணுக்களில் இருக்கும் சியாலிக் அமிலத்தைப் பிடிக்கிறது, கோவிட் வைரஸ் ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. எந்த உறுப்பு கெடும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒட்டுதல்தான் தீர்மானிக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1998-இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது, பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளுக்கும் போனது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும், இங்கேயோ விழுந்தவர்கள் பன்றிகளோடு நெருங்கிப் பழகிய பெரிய ஆண்கள். 1999 மார்ச்சில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றித் தொழுவத்தில் விழுந்து, பன்றிக்குப் போய், பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்திருக்கிறது. இந்த வைரஸ் எஃப்ரின்-பி2 என்ற புரதத்தில் ஒட்டும். அந்தப் புரதம் இரத்தக்குழாயின் உட்சுவரிலும் நரம்பு உயிரணுவிலும் அதிகம், அதனால்தான் மூளையின் சின்னச் சின்னக் குழாய்கள் வீங்கி அடைத்து நினைவு தப்பியது. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. வழியைத் தப்பாகக் கணித்தால் எவ்வளவு நாள் வீணாகும் என்பதை நாம் மறக்கவே கூடாது.

நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கும்போது கிருமி எப்படித் தப்பிக்கிறது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு உத்தி. இன்ஃபுளுவென்சா தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் அந்தத் தடுப்பூசி வருடா வருடம் புதிதாகத் தேவைப்படுகிறது. எச்ஐவி, எதிர்ப்பை நடத்தும் சிடி4 வெள்ளணுக்களையே குறிவைக்கிறது.

என்னை எப்போதும் அசர வைப்பது காசநோய்ப் பாக்டீரியாதான். கிருமியை விழுங்கிக் கரைப்பதற்கென்றே இருக்கும் வெள்ளணு அதை விழுங்கும். விழுங்கிய கிருமி இருக்கும் பை, வெள்ளணுவுக்குள் இருக்கும் செரிமானப் பையோடு சேர வேண்டும் அல்லவா, அந்தச் சேர்க்கையைப் பாக்டீரியா தடுத்துவிட்டு உள்ளேயே குடியிருக்கும். ஒன்று இரண்டாகப் பெருக ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அவசரமே கிடையாது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், நீலப் பின்னணியில் சிவப்பாக, மெல்லிசாக, கொஞ்சம் வளைந்த குச்சிகள் தெரியும். சில தகடுகளில் ஒன்றிரண்டைக் கண்டுபிடிக்கவே நூறு புலங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும், சிலவற்றில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அப்படிக் கிடப்பது பெரும்பாலும் பல வாரம் இருமிக்கொண்டே வேலைக்குப் போனவரின் சளி. 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குக் காசநோய்ப் பாக்டீரியா உடம்பில் நுழைந்திருக்கிறது, ஆனால் அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். நோயாக மாறியவர்கள் பெரும்பாலும் குறைந்தது 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். மெதுவாகப் பெருகி, தூங்குகிற மாதிரி கிடக்கும் பாக்டீரியாவைத் தீர்க்க அவ்வளவு நாள் ஆகும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

காய்ச்சலைக் கிருமிதான் உண்டாக்குகிறதா?

கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் விடும் செய்தி மூளைக்குப் போய், மூளைதான் உடம்புச் சூட்டை ஏற்றுகிறது. ஆகவே காய்ச்சல் என்பது பெரும்பாலும் நம் உடம்பின் வேலை. சூட்டைக் குறைக்கப் பாராசிட்டமால் சாப்பிடலாம், ஆனால் சூடு குறைந்ததும் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை.

சரி, கிருமி உடம்பை எப்படித்தான் கெடுக்கிறது?

மூன்று விதமாக. ஒன்று, உயிரணுக்களை நேராகவே அழிப்பது. இன்ஃபுளுவென்சா சுவாசக்குழாயின் உள்வரிச் சுவரை உரித்துப் போட்டுவிடும், அந்தப் புண்ணில் பிறகு பாக்டீரியா ஏறி நிமோனியா வரும். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் பெருகி அதை வெடிக்க வைக்கும்.

இரண்டாவது நச்சு. காலரா பாக்டீரியா குடற்சுவரைத் துளைப்பதே இல்லை. அது விடும் நச்சு குடல் உயிரணுவின் உப்புக் கணக்கை மாற்றிவிடும், உப்பு வெளியே போக, தண்ணீரும் கூடவே போகும், கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை. அதனால்தான் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிரைக் காப்பாற்றுகிறது. டெட்டனஸில் பாக்டீரியா காயத்திலேயே இருந்துவிடும், அதன் நச்சு மட்டும் நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசை தளர வேண்டும் என்ற கட்டளையைத் தடுத்துவிடும், தாடை பூட்டிக்கொள்ளும். ஆணியில் இருக்கும் துரு ஒன்றும் செய்யாது, ஆணியில் ஒட்டியிருந்த மண்தான் ஆபத்து. தொண்டை அடைப்பானும் நச்சு நோய்தான், அது இதயம் வரைக்கும் போய்ச் சேதப்படுத்தும். 2016-இல் இந்த நாட்டிலேயே தடுப்பூசி போடாத பிள்ளைகள் அதனால் இறந்தார்கள். அந்த ஊசி அரசு கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது.

மூன்றாவதுதான் பலருக்குப் புரியாதது: நம் எதிர்ப்பே அளவு மீறிப் போவது. இரத்தத்தில் பாக்டீரியா பரவிவிட்டால் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் அழற்சி கிளம்பும், குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகம், மூளை, ஈரல் எல்லாவற்றுக்கும் இரத்தம் குறையும். செப்சிஸ் என்று சொல்வார்கள். சிறுநீர்த் தொற்று மாதிரி சாதாரணமாக ஆரம்பித்ததும் இப்படி முடியலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமும் மயக்கமுமாகத் தெரியும். "அப்பா இன்றைக்கு ஏதோ உளறுகிறார், வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள்.

அக்கா, என் மகனுக்கு டிங்கி, ஆனால் நேற்றே காய்ச்சல் விட்டுவிட்டது. இனி பயமில்லைதானே?

பயம் இனிமேல்தான். இந்த ஒரு பதிலுக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏடிஸ் கொசு பகலில், முக்கியமாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கும். வைரஸ் தோலில் இருக்கும் எதிர்ப்பு உயிரணுக்களிலேயே முதலில் ஏறி, அவற்றோடு நிணநீர்க் கணுவுக்குப் பயணம் செய்து அங்கே பெருகும். 4 முதல் 10 நாள் கழித்துக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பு முறிகிற மாதிரி வலி. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். இறங்குகிற அதே நேரத்தில்தான், சிலருக்கு, இரத்தக்குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. இந்த நேரத்தில் இரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டு வரும். கசிவை உண்டாக்குவது நம் எதிர்ப்பு விடும் இரசாயனங்களும், வைரஸ் வெளியே விடும் என்எஸ்1 என்ற புரதமும். இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் போய்விடும். மிச்சம் இருப்பது தண்ணீர் வற்றிய குழம்பு மாதிரி கெட்டியாகிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஊதா மூடிக் குழாயில் வரும் இரத்தத்தில் சிவப்பணு எவ்வளவு சதவீதம் என்று கருவி சொல்லும், எச்சிடி என்று தாளில் இருக்கும். ஒரே ஆளின் மாதிரி காலையிலும் மாலையிலும் வரும்போது எச்சிடி ஏறிக்கொண்டும், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் இறங்கிக்கொண்டும் இருந்தால், அவர் வார்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் நாங்கள் உடனே போனை எடுத்துவிடுவோம். இந்த ஆபத்துக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம். இதைத் தாண்டினால் கசிந்த நீர் தானாகவே திரும்பி வந்துவிடும்.

ஆகவே காய்ச்சல் விட்ட பிறகு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்: வயிற்று வலி, ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வாந்தி அல்லது பேதி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சிறுநீர் குறைவது, கைகால் சில்லிடுவது, பிள்ளை எழுந்து உட்காரவே சோம்பிப்போய்க் கிடப்பது. இரவு 2 மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா? பிளேட்லெட் ஏற்றச் சொல்லிக் கேட்கலாமா?

பப்பாளி இலையால் பிளேட்லெட் கொஞ்சம் ஏறுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிங்கியில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் அந்தக் கசிவுதான், அதைச் சாறு நிறுத்துவதாக உறுதியான ஆதாரம் இல்லை. சாறு கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் கெடுதல். இரத்தம் கசியாதபோது பிளேட்லெட் எண்ணிக்கைக்காக மட்டும் அதை ஏற்ற மாட்டார்கள், டாக்டரோடு சண்டை போடாதீர்கள். வாய்வழி நீர் நிறையக் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

ஒரு தடவை டிங்கி வந்தால் மறுபடி வராதுதானே?

வரும். டிங்கி வைரஸில் 4 வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீண்ட காலப் பாதுகாப்பு. வேறு வகை வரும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) புது வைரஸைச் செயலிழக்க வைக்கும் அளவுக்குச் சரியாகப் பொருந்தாமல், வெறுமனே ஒட்டிக்கொண்டு, அதை வெள்ளணுக்களுக்குள் இன்னும் சுலபமாகக் கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டாவது டிங்கி கடுமையாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த நாட்டில் டிங்கி முதலில் பதிவானதே பினாங்கில்தான், 1901-02-இல். இரத்தக்கசிவு டிங்கியும் 1962-இல் இங்கேதான் முதலில் பதிவானது. அதனால் "எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது" என்பவர்கள்தான் பூச்சாடித் தட்டையும் கூரைத் தகரக் கால்வாயையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏடிஸ் முட்டை தண்ணீர் இல்லாமலும் பல மாதம் தாங்கும், தட்டைக் கவிழ்த்தால் போதாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அருவியில் குளித்தால் எலிக்காய்ச்சல் வருமா?

வரலாம். ஆயிரக்கணக்கானவர்கள் குளித்துவிட்டு நலமாகத்தான் வருகிறார்கள், ஆனால் காலில் சிராய்ப்போடு, மழை பெய்து கலங்கிய நீரில், சாப்பாட்டுக் குப்பை போட்டு எலி பெருகிய இடத்தில் இறங்கினால் ஆபத்து கூடும். எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் எலிக்கு ஒரு தொல்லையும் தராமல் வாழ்ந்துகொண்டு, அதன் சிறுநீரோடு தண்ணீருக்கும் ஈர மண்ணுக்கும் வரும். திருகாணி வடிவம், முனையில் சின்ன வளைவு. கறுப்புப் பின்னணியில் வெளிச்சம் காட்டும் நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளி இழை ஒன்று தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு விர்ரென்று போவது தெரியும். அந்தச் சுழற்சியால்தான் காயத்தின் வழியாகவும் கண், வாயின் மெல்லிய சவ்வின் வழியாகவும் துளைத்து இரத்தத்துக்குப் போகிறது. போய்ச் சின்னக் குழாய்களின் சுவரைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும், சிலருக்கு நுரையீரலிலேயே இரத்தம் கசியும்.

பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், கெண்டைக்காலில் கடுமையான வலி, சீழ் இல்லாமல் சிவந்த கண். ஆரம்பத்தில் டிங்கி மாதிரியே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் இதற்கு ஆன்டிபயாடிக் இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன். கிளினிக்கில் "போன வாரம் அருவிக்குப் போனேன்" என்ற ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. வெள்ளத்துக்குப் பிறகு வீடு கழுவுகிறவர்கள் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிருமி ஏன் சீக்கிரம் பிடிக்கிறது?

சர்க்கரை கூடினால் வெள்ளணுக்கள் கிருமியிருக்கும் இடத்துக்குப் போவதும் விழுங்குவதும் மந்தமாகிவிடும், காலுக்கு இரத்த ஓட்டம் குறையும், புண் வந்தாலும் உணர்ச்சி இருக்காது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 சதவீதத்தினருக்குச் சர்க்கரை, நம் சமூகத்தில் அந்த அளவு இன்னும் அதிகம். காசநோய் ஆபத்தும் அவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு.

இன்னொரு நோய், பெயரே பலருக்குத் தெரியாது: மெலியோய்டோசிஸ். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா. இந்தப் பெயரை வைத்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை செய்தவர்கள். காயம் வழியாகவோ மூச்சிலோ வரும். ஓர் உயிரணுவிலிருந்து பக்கத்து உயிரணுவுக்கு வெளியே வராமலேயே நகர்ந்து போகும், எதிர்ப்பொருள்களின் கண்ணில் படாது. நுரையீரலில் வந்தால் காசநோய் மாதிரியே இருக்கும், ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் வைக்கும். 2010-இல் பகாங்கின் லுபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே இதுவும் எலிக்காய்ச்சலும் பரவி 8 பேர் இறந்தார்கள். சர்க்கரை உள்ளவர் தோட்ட வேலை செய்துவிட்டு, பிறகு காய்ச்சல் விடாமல் அடித்தால், இந்தப் பெயரை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லலாம், தப்பே இல்லை.

அம்மை போட்டால் வேப்பிலை, இளநீர், மூன்று தண்ணீர் ஊற்றினால் போதாதா?

வேப்பிலையும் ஓய்வும் தனி அறையும் நல்லதுதான், பாட்டிமார் நோயாளியைத் தனியாக வைத்தது அருமையான பழக்கம். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை பரவ ஆரம்பித்துவிடும். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரலைத் தாக்கலாம், அவர்களுக்கு வைரஸ் மருந்து முதல் 24 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகள், பச்சைக் குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. "அம்மா வந்திருக்கிறாள், டாக்டரிடம் காட்டக்கூடாது" என்று சொல்பவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: மாரியம்மனையும் கும்பிடுங்கள், டாக்டரையும் பாருங்கள்.

தலைக்கு ஊற்றியதும் வைரஸ் போய்விடுவதில்லை. நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். வயதாகி எதிர்ப்பு குறையும்போது அந்த ஒரு நரம்பின் வழியே இறங்கி வரும், அதுதான் அக்கி. எச்சில் தொட்டு எழுதுவதை விட்டுவிட்டு 3 நாளுக்குள் மருந்து வாங்குங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே.

நாய் லேசாகத்தான் கடித்தது, பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம், போங்கள். வெறிநாய்க்கடி வைரஸ் தசையிலிருந்து நரம்புக்குள் ஏறி மெதுவாக மூளையை நோக்கிப் போகிறது, அந்தப் பயணம் பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் எடுக்கும். அது போய்ச் சேர்வதற்குள் தடுப்பூசி வேலை செய்துவிட வேண்டும். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் நாய்களிடையே இது வந்தது. சரவாக்கில் 2017 முதல் மனிதர்களும் இறந்திருக்கிறார்கள்.

மிச்சச் சோற்றை நன்றாகச் சூடாக்கிவிட்டால் கிருமி செத்துவிடும்தானே?

கிருமி சாகும், நச்சு சாகாது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸின் வித்துகள் வேக வைத்தாலும் பிழைக்கும். சோற்றை மேசை மேலேயே மணிக்கணக்கில் விட்டால் முளைத்துப் பெருகி ஒரு நச்சை விடும். அந்த நச்சு கொதிக்கிற சூட்டையும் தாங்கும், காலையில் நாசி கோரெங் போட்டாலும் அப்படியே இருக்கும். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் அன்னதானம் போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்: சமைத்ததைச் சூடாகவே வைத்திருங்கள், 4 மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள், தேங்காய்ச் சட்னியை மொத்தமாக அரைத்து வைக்காமல் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள். கையில் புண் உள்ளவர் பரிமாற வேண்டாம், ஸ்டாஃபிலோகாக்கஸும் இதே மாதிரி சூடு தாங்கும் நச்சை விடும்.

கேஸ்ட்ரிக்கும் கிருமியா?

பல பேருக்கு ஆமாம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியா செய்து, தன்னைச் சுற்றியிருக்கும் அமிலத்தைத் தணித்துக்கொண்டு இரைப்பைச் சுவரின் சளிக்குள் புகுந்துவிடும், சுவர் நாள்பட அழற்சியாகிப் புண்ணாகும். இதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வருடக்கணக்காக ஆன்டாசிட் மென்றுகொண்டே இருப்பதைவிட ஒரு தடவை மூச்சுப் பரிசோதனை செய்துகொள்வது மேல்.

முகக்கவசம் உண்மையிலேயே பயன் தருமா?

மூச்சில் பரவும் கிருமிக்குத் தரும். இதை உலகத்துக்குக் காட்டியவரே நம் பினாங்குக்காரர்தான். 1879-இல் இங்கே பிறந்து பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த டாக்டர் வூ லியென் தே, 1910 டிசம்பரில் மஞ்சூரியாவுக்குப் போனார். அங்கே பரவிய பிளேக் எலித் தெள்ளுப்பூச்சியால் வருவது என்று மற்றவர்கள் நினைத்தபோது, இது நுரையீரல் பிளேக், இருமலில் வருகிறது என்று சொல்லி, துணியும் பஞ்சும் அடுக்கிய முகக்கவசத்தைப் போடச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்காமல் முகத்தை மூடாமலே நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி சில நாட்களில் இறந்துபோனார். சுமார் 60,000 பேரைக் கொன்ற அந்த நோய் 1911-இல் அடங்கியது. சளி பிடித்தவர் கோயில் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு முகக்கவசம் போட்டுக்கொள்வதில் என்ன சிரமம் இருக்கிறது?

கிளினிக்கில் என்ன சொல்ல வேண்டும்?

காய்ச்சல் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை எழுதிக்கொண்டு போங்கள், டிங்கிக்கு நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். என்எஸ்1 பரிசோதனை முதல் சில நாட்களில்தான் நன்றாகக் காட்டும், பிற்பாடு எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும், அதனால் அந்தத் தேதி தப்பானால் எங்கள் முடிவையும் தப்பாகப் படிக்க நேரும். கடந்த ஒரு மாதத்தில் அருவி, வெள்ளம், காடு, பண்ணை, வெளிநாடு எங்காவது போயிருந்தால் சொல்லுங்கள். சபா, சரவாக் காட்டுக்குப் போய் வந்தவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவது, ஒரு நாள் தாமதமும் பெரிது. சர்க்கரை, கர்ப்பம், சாப்பிடும் மருந்துகள், வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வாருங்கள் என்று சொன்னால், காய்ச்சல் விட்டிருந்தாலும் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.